கரை சேர்ந்த தோணி

நுழையும்முன்

ஒரு நூல் அச்சாகி வெளிவரும் நாளிலேயே அதன் மதிப்பு முடிவாகிவிடுவதில்லை. வெளிவந்தபோது கொண்டாடப்பட்ட நூல்கள் சில, அடுத்த தலைமுறைக்குள் மறைந்துபோகின்றன. எவராலும் பொருட்படுத்தப்படாத நூல்கள் சில, காலம் கடந்து எழுந்து நிற்கின்றன. கடல் கடந்த தமிழரின் வாழ்வை நாவலாக்கிய ப. சிங்காரத்தின் வாழ்க்கை, இவ்வுண்மையை உணர்த்துவது. அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். அவ்விரண்டும் தம் வாசகரை அடைவதற்கு எடுத்துக்கொண்ட காலமோ மிக நீண்டது.

ஆறும் கடலும்

தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலைகளில் பிறக்கிறது வைகை. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்று நீர், 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைக்கிறது. அந்நீரும் வைகையோடு கலந்து மதுரையைக் கடந்து செல்கிறது. ஆயினும், அவ்வாறு கடலைச் சேர்வது அரிது. இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயிலேயே அதன் பயணம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

வைகை பாயும் இந்நிலத்து மக்கள் மழை பொய்த்த காலங்களில் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டனர். கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளைச் சேர்ந்தோர் மேற்கு மலையேறி ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்றனர். கிழக்கே, இன்றைய சிவகங்கை மாவட்டப் பகுதியைச் சேர்ந்தோர் பலர் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சுமத்ராவுக்கும் சென்றனர். ஒரு சாராருக்கு மலைக்கு அப்பால். மற்றொரு சாராருக்குக் கடலுக்கு அப்பால். வழிகள் வேறாயினும், பிரிவின் துயரும் ஊர் நினைவும் இருவருக்கும் ஒன்றே.

கடலுக்கு அப்பால் சென்றோருள் ஒருவர், பின்னர் வைகைக்கரை நகராகிய மதுரைக்குத் திரும்பி வந்து, தாம் கண்டவற்றை எழுதினார். தேனிப் பகுதி முழுவதும் மதுரை மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த காலம் அது. 1996இல்தான் தேனி தனி மாவட்டமாயிற்று. அம்மதுரையில், நாளிதழ் அலுவலகம் ஒன்றில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த அமைதியான மனிதர், தமிழின் தலைசிறந்த கடல்கடந்த நாவலை எழுதியவர் என்பதை அந்நகரத்தாரிலேயே மிகச் சிலரே அறிந்திருந்தனர்.

சிங்கம்புணரி முதல் மெடான் வரை

ப. சிங்காரம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் சிங்கம்புணரியில் பிறந்தார். தந்தையார் பழநிவேல் நாடார். தாயார் உண்ணாமலை அம்மாள். வணிகம் செய்து வாழ்ந்த குடும்பம். சிங்கம்புணரியில் தொடக்கக் கல்வியை முடித்தபின், மதுரைத் தூய மரியன்னை உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். சிற்றூரின் சந்தையும், மதுரையின் மாசி வீதிகளும் அவர் உள்ளத்தில் அழியாத சித்திரங்களாகப் பதிந்தன. பிற்காலத்தில் அவர் நாவலின் மாந்தர்கள் நெடுந்தொலைவில் இருந்துகொண்டு நினைந்து ஏங்கியவை அவ்வீதிகளே.

அக்காலத்தில் அவ்வட்டாரத்து இளைஞர் பலருக்கும் வாழ்க்கை வழி ஏறத்தாழ முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. ஓரளவு படிப்பு, பிறகு நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல், அக்கரையில் வட்டிக்கடை ஒன்றில் வேலை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்புதல் என்பதே அவ்வாழ்வின் படிநிலை. சிங்காரமும் 1938இல், பதினெட்டு வயது நிரம்பும் காலத்தில், அன்றைய டச்சு ஆட்சிக்குட்பட்ட கிழக்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த சுமத்ராவின் மெடான் நகருக்குச் சென்று, தமிழர் ஒருவரின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

மெடான் பல இனத்தார் கூடி வாழ்ந்த நகரம். புகையிலைத் தோட்டங்களாலும் இரப்பர்த் தோட்டங்களாலும் செழித்த அந்நகரில் மலாய்க்காரரும் சீனரும் பத்தாக்கியரும் சாவகத்தாரும் டச்சுக்காரரும் தமிழரும் ஒரே கடைத்தெருவில் புழங்கினர். பல மொழிகள் ஒன்றோடொன்று உராய்ந்த அச்சூழல், சிங்காரத்தின் செவியைக் கூர்மையாக்கியது. வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் நூல்களைத் தேடிப் படித்தார். ஆங்கிலத்தின் வழியே உலக நாவல்கள் அவருக்கு அறிமுகமாயின. அவற்றுள் அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் எழுத்துகள் அவரை மிகவும் கவர்ந்தன. போரையும் சாவையும் மிகையுணர்ச்சியின்றிச் சுருங்கச் சொல்லும் ஹெமிங்வேயின் முறை, பின்னாளில் அவர் கைக்கொண்ட கலைநெறிக்குத் துணையாயிற்று.

போரின் நடுவே

1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. பினாங்கின்மீது குண்டுகள் விழுந்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச்சில் சப்பானியப் படை மெடானுக்குள் நுழைந்தது. நூற்றாண்டுகளாக அசைக்கமுடியாதென்று கருதப்பட்ட ஐரோப்பியரின் ஆட்சி சில வாரங்களில் சரிந்ததை, அந்நகரின் தெருக்களில் நின்று கண்டவர்களுள் சிங்காரமும் ஒருவர். சட்டமும் ஒழுங்கும் அச்சத்தால் மட்டுமே நிலைநிறுத்தப்பட்ட நாள்கள் அவை.

கப்பல் போக்குவரத்து நின்றது. தாயகத்தோடு கடிதத் தொடர்பும் அற்றது. வட்டிக்கடைகள் முடங்கின. தமிழ் இளைஞர்கள் புதிய வழிகளைத் தேடவேண்டியவராயினர். சிலர் தொங்கான் எனப்படும் பாய்மரக் கலங்களில் சரக்கேற்றி மலாக்கா நீரிணையைக் கடந்து வணிகம் செய்தனர். சிங்காரமும் நண்பர்களோடு சேர்ந்து, படையாட்சியின் இசைவு பெற்றுப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு அனுப்பும் வணிகத்தில் ஈடுபட்டார். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, கடைக் கணக்கை மூடிவைத்துத் துப்பாக்கியைக் கையிலெடுத்த தமிழ் இளைஞர் பலர். சிங்காரம் இவற்றையெல்லாம் அருகிருந்து நோக்கினார்.

அவருடைய சொந்த வாழ்விலும் அக்காலத்தில் பேரிழப்பு நேர்ந்தது. அயல்மண்ணிலேயே மணம் புரிந்துகொண்ட அவர், மகப்பேற்றின்போது மனைவியையும் குழந்தையையும் ஒருங்கே இழந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், தாயகம் திரும்பினார். அவர் கொண்டுவந்த செல்வம், நினைவுகளே.

மதுரையில் ஒரு தனியறை

1947இல் மதுரையில் தினத்தந்தி நாளிதழில் பணியில் சேர்ந்தார் சிங்காரம். 1987 வரை நாற்பது ஆண்டுகள் அப்பணியே அவருடைய தொழிலாக இருந்தது. எளிய மக்களும் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டும் என்னும் நோக்கோடு நடத்தப்பட்ட நாளிதழ் அது. மதுரைப் பதிப்பின் செய்திகள் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களையும் எட்டின. நாள்தோறும் பிறர் எழுதிய செய்திகளைச் செப்பனிட்டு அனுப்பிய அவர், இரவில் தம் அறைக்குத் திரும்பித் தமக்கென்று எழுதினார்.

அவ்வறை, கிறித்தவ இளைஞர் சங்க விடுதியில் இருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவ்விடுதியே அவருடைய இல்லம். எழுத்தாளர் சங்கங்களில் அவர் சேரவில்லை. இலக்கிய மேடைகளில் ஏறவில்லை. தம் நூல்களைப் பற்றித் தாமே பேசுவதும் இல்லை. உடன் பணியாற்றியோர் பலர் அவரை நாவலாசிரியராக அறிந்திருக்கவில்லை. புகழின்மீது விருப்பமற்ற இவ்வியல்பு பெருமைக்குரியது. ஆயினும், அவருடைய நூல்கள் கவனம் பெறாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

கடலுக்கு அப்பால்

தாயகம் திரும்பிய நான்காண்டுகளில், 1950இல், தம் முதல் நாவலாகிய கடலுக்கு அப்பாலை எழுதி முடித்தார். அதனை வெளியிட முன்வருவார் எளிதில் கிடைக்கவில்லை. கலைமகள் இதழ் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்ற பின்னரே, 1959இல், அது நூலாயிற்று. ஒன்பதாண்டுக் காலம் கைப்படியாகவே அது காத்திருந்தது.

போர் முடிந்தபின் பினாங்கில் நிகழ்வது இக்கதை. செல்லையா என்னும் இளைஞன் வட்டிக்கடையில் பணிபுரிந்தவன். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போர்க்களம் கண்டு மீண்டவன். கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். மகனைப் போரில் பறிகொடுத்த முதலாளியோ, துப்பாக்கி பிடித்தவன் கடைத்தொழிலுக்கு ஒவ்வான் என எண்ணுகிறார். மரகதத்தை வேறொருவனுக்கு மணமுடிக்க முடிவு செய்கிறார். செல்லையா எதிர்த்து நிற்காமல் தன் இழப்பை ஏற்றுக்கொள்கிறான். போரில் துணிந்து நின்றவன், வாழ்வில் விட்டுக்கொடுத்து நிற்பதே கதையின் மையம். ஒருவரையும் தீயவராகக் காட்டாது, எல்லோருடைய நியாயத்தையும் சொல்லிச் செல்லும் பக்குவம் முதல் நாவலிலேயே சிங்காரத்துக்குக் கைவந்திருந்தது.

புயலிலே ஒரு தோணி

அவருடைய இரண்டாவது நாவல் புயலிலே ஒரு தோணி. 1962இல் எழுதப்பட்ட இந்நூலும் பதிப்பாளர்க்காகப் பத்தாண்டுகள் காத்திருந்து, 1972இல் கலைஞன் பதிப்பக வெளியீடாக வந்தது.

இதன் நாயகன் பாண்டியன். சின்னமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, மெடான் கடைத்தெருவில் பணிபுரிபவன். சப்பானியர் மெடானுக்குள் நுழையும் காட்சியோடு நாவல் விரிகிறது. பின்பு அவன் சுமத்ராக் கரையிலிருந்து பினாங்கை நோக்கித் தொங்கானில் கடலைக் கடக்கிறான். நடுக்கடலில் புயல் தாக்குகிறது. கலமும் அதிலுள்ளோரும் அலைகளால் அலைக்கழிக்கப்படும் அப்பகுதி, தமிழ் உரைநடையில் கடலைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் ஈடு இணையற்றது. குறுகிய சொற்றொடர்கள், ஒலிகளாலேயே அமைந்த சொல்லடுக்குகள், மூச்சுவிட இடந்தராத வேகம் ஆகியவற்றால் ஆசிரியர் புயலைப் படிப்போரின் செவிக்குள் வீசச் செய்கிறார்.

பாண்டியன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். மறைமுகப் பணிகளில் ஈடுபடுகிறான். போர் முடிந்தபின் இந்தோனேசியரின் விடுதலைப் போராட்டத்திலும் தன்னை இணைத்துக்கொள்கிறான். ஊர் திரும்பும் ஏக்கம் அவனை விடுவதில்லை. எனினும், அயல்மண்ணிலேயே அவன் வாழ்வு முடிகிறது. தோணி என்பது அவன் ஏறிய கலத்தை மட்டும் குறிப்பதன்று. வரலாறு என்னும் பெரும்புயலில் அகப்பட்ட எளிய மனிதனின் வாழ்வே அத்தோணி.

கடலும் கடல்கடந்த நாடும் தமிழுக்குப் புதியன அல்ல. பட்டினப்பாலை துறைமுகத்தின் வளத்தைப் பாடியது. மணிமேகலை சாவக நாட்டுக்குச் சென்றதைச் சாத்தனார் காட்டினார். இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்ற வரலாறும் உண்டு. கடாரம் எனப்பட்ட அப்பகுதி, சிங்காரத்தின் மாந்தர் உலவிய பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ளது. ஆயினும், சிங்காரம் பழம்பெருமையைப் பாடவில்லை. அப்பெருமைகளைக் கூறிக் களிப்போரைக் கூர்மையான எள்ளலுடன் நோக்கினார். வென்ற மன்னரின் கடலை அவர் எழுதவில்லை. கணக்கேட்டோடு கப்பலேறிய கடைப்பையனின் கடலையே எழுதினார்.

கண்டுகொள்ளாத காலம்

இத்தகைய நாவல் வெளிவந்தபோது தமிழ் இலக்கிய உலகில் பெரிய சலனம் எதுவும் நிகழவில்லை. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, அக்கால வாசகரின் பழக்கம். வார இதழ்களில் தொடராக வந்த குடும்பக் கதைகளும் காதற்கதைகளும் வரலாற்றுக் கற்பனைகளுமே நாவல் என்பதன் இலக்கணமாகக் கருதப்பட்டன. ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் ஓர் எதிர்பார்ப்பை எழுப்பி நிறுத்தும் அமைப்புக்குப் பழகியோர்க்கு, நினைவும் நிகழ்வும் ஊடும் பாவுமாகக் கலந்த சிங்காரத்தின் கதைப்போக்கு அயலாகத் தோன்றியது.

இரண்டாவது, மொழி. சங்கச் செய்யுளின் நடையும் கடைத்தெருப் பேச்சும் மலாய்ச் சொற்களும் வட்டிக்கடைக் குழூஉக்குறிகளும் அவர் எழுத்தில் அடுத்தடுத்து வந்தன. தூய நடை, எளிய நடை என்று பிரித்துப் பார்த்தோர்க்கு இக்கலப்பு எவ்வகையிலும் அடங்கவில்லை.

மூன்றாவது, களம். காவிரிக்கரையையும் சென்னைத் தெருக்களையும் அறிந்த திறனாய்வாளர்க்கு, சுமத்ராவின் கடைத்தெரு தமிழ் வாழ்வின் பகுதியாகவே தோன்றவில்லை. வெளிநாட்டில் நடக்கும் வீரச்செயற் கதை என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிதாயிற்று.

எழுதிய நூலுக்கு எதிரொலி இல்லாத நிலையில், சிங்காரம் மூன்றாவது நாவல் எதனையும் தரவில்லை. தமிழ் அடைந்த இழப்பு இதுவே. புறக்கணிப்பு ஒரு நூலை மட்டும் மறைப்பதில்லை. இனி எழுதப்படக்கூடிய நூல்களையும் அது பிறவாமற் செய்துவிடுகிறது.

அமெரிக்கக் கடல் நாவலின் கதை

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கடல் நாவல்களின் வரலாற்றிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு.

1819இல் நியூயார்க்கில் பிறந்தவர் ஹெர்மன் மெல்வில். குடும்பம் வறுமையுற்றதால் இளமையிலேயே கப்பலேறினார். 1841இல் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் சேர்ந்து பசிபிக் பெருங்கடலுக்குச் சென்றார். கப்பல் வாழ்வின் கொடுமை தாளாது தீவொன்றில் தப்பியோடி, அத்தீவினரிடையே சில வாரங்கள் வாழ்ந்தார். அப்பட்டறிவைக் கொண்டு 1846இல் அவர் எழுதிய டைப்பீ என்னும் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. விறுவிறுப்பான தீவுக்கதை சொல்பவர் என்று வாசகர் அவரைக் கொண்டாடினர்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1851இல், மோபி டிக் என்னும் நாவலை வெளியிட்டார் மெல்வில். தன் காலைப் பறித்த வெண்திமிங்கிலத்தைப் பழிதீர்க்கத் துரத்தும் கப்பல் தலைவனின் கதை அது. இடையிடையே திமிங்கிலங்களைப் பற்றிய ஆய்வும் மெய்யியல் சிந்தனையும் நாடகப் பாங்கான உரையாடலும் கலந்து வந்தன. முந்தைய நூல்களைப் போன்ற எளிய கடற்கதையை எதிர்பார்த்தோர் ஏமாற்றமுற்றனர். இலண்டனில் வெளிவந்த பதிப்பில் இறுதிப் பகுதி விடுபட்டுப்போனது. கப்பலோடு அனைவரும் மூழ்கியபின் கதையைச் சொல்பவர் யார் என்று அங்குள்ள மதிப்புரையாளர் சிலர் குறைகூற அதுவே காரணமாயிற்று. ஆசிரியர் செய்யாத பிழை அவர்மேல் ஏற்றப்பட்டது.

நூல் விற்பனையால் வாழ இயலாத மெல்வில், 1866 முதல் பத்தொன்பது ஆண்டுகள் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அலுவலராகப் பணியாற்றினார். உலகப் பெருங்கடல்களை எழுதியவர், வந்திறங்கும் சரக்குகளைச் சரிபார்த்து நாளைக் கழித்தார். 1891இல் அவர் இறந்தபோது அவரை நினைவில் வைத்திருந்தோர் மிகச் சிலரே.

மெல்வில் பிறந்த நூற்றாண்டு 1919இல் வந்தது. அப்போது சில திறனாய்வாளர்கள் அவருடைய நூல்களைத் தேடிப் படித்தனர். 1921இல் ரேமண்ட் வீவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் 1923இல் வெளியிட்ட அமெரிக்க இலக்கிய ஆய்வு நூலில் மோபி டிக்கை உயர்த்திப் பேசினார். மெல்வில் கைப்படியாக விட்டுச்சென்ற பில்லி பட் என்னும் கடற்கதை 1924இல் அச்சேறியது. முதல் உலகப் போரின் அழிவைக் கண்டு வந்த தலைமுறைக்கு, வெறிகொண்ட தலைவன் ஒருவனின் பின்னே ஒரு கப்பலே அழிவை நோக்கிச் செல்லும் கதை புதிய பொருள் தந்தது. குறை எனப்பட்ட கலப்பு நடையே நிறை எனப் போற்றப்பட்டது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசிப்போரின் கண்ணே மாறியிருந்தது.

சிங்காரம் விரும்பிப் படித்த ஹெமிங்வேயின் கடல் நாவலாகிய கிழவனும் கடலும் 1952இல் வெளிவந்தது. அது மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. 1954இல் அவருக்கு நோபல் பரிசும் வழங்கப்பட்டது. ஒரே மொழியில், ஒரே கடலைப் பற்றிய எழுத்தில், ஒருவர்க்குப் புகழ் உடனே வந்தது. மற்றொருவர்க்கு இறந்தபின் வந்தது. வரவேற்பின் விரைவைக் கொண்டு நூலின் தகுதியை அளக்க இயலாது என்பதற்கு இவ்விரு அமெரிக்கரின் கதையே சான்று.

காலம் மாறியது

தமிழில் அம்மாற்றம் 1980களில் தொடங்கியது. சிற்றிதழ்களின் வழியே உலக இலக்கியத்தை அறிந்துகொண்ட புதிய வாசகர் கூட்டம் உருவாகியிருந்தது. கதை எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதைக் கூர்ந்து நோக்கும் பயிற்சி அவர்களிடம் இருந்தது. திறனாய்வாளர் சி. மோகன், தமிழின் மிகச்சிறந்த நாவல்களுள் ஒன்றாகப் புயலிலே ஒரு தோணியைச் சுட்டிக்காட்டி எழுதினார். ந. முருகேசபாண்டியன், மதுரையில் சிங்காரத்தை நேரில் கண்டு உரையாடி, அவரைப் பற்றி வாசகர்க்கு எடுத்துரைத்தார். நாவலாசிரியர் ஜெயமோகனும் அந்நூலின் கலைச்சிறப்பை விரித்துரைத்தார்.

முன்னர்க் குறையாகத் தோன்றியவை ஒவ்வொன்றும் இப்போது சிறப்பாக விளங்கின. நினைவும் நிகழ்வும் கலந்த கதைப்போக்கு, ஊரிழந்த மனிதனின் உள்ளம் இயங்கும் முறையே என்பது தெளிவாயிற்று. பலமொழிக் கலப்பு, பல்லினத்தார் வாழும் நகரத்தின் உண்மை ஒலி என உணரப்பட்டது. புலம்பெயர்ந்த தமிழரின் எழுத்து தனியொரு துறையாக வளர்ந்த காலத்தில், அதற்கு முன்னோடியாகச் சிங்காரத்தின் இரு நாவல்களும் முன்வந்து நின்றன. தென்கிழக்காசியாவில் இரண்டாம் உலகப் போர்க்காலத் தமிழரின் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அவை வரலாற்று ஆவணங்களாகவும் பயன்பட்டன.

மெல்வில் தம் நூலின் மறுபிறப்பைக் காணாமலே மறைந்தார். சிங்காரமோ அதன் தொடக்கத்தைத் தம் வாழ்நாளிலேயே கண்டார். அவரைத் தேடி இளைஞர்கள் மதுரை விடுதி அறைக்கு வந்தனர். அந்தப் பாராட்டு அவரைப் பெரிதும் அசைத்ததாகத் தெரியவில்லை. அதற்குள் அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். எழுதுகோலை வைத்துவிட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட ஊக்கம் இருபதாண்டுகள் பிந்தி வந்து சேர்ந்தது.

இறுதி நாள்கள்

ஓய்வுபெற்ற பின்னும் அவர் விடுதியிலேயே தனித்து வாழ்ந்தார். வாழ்வின் இறுதி ஆண்டில் அவ்வறையை விட்டு வேறிடம் சென்றார். சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணத்தை ஏழை மாணவர்களின் கல்விக்கென்று வழங்கினார். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வாழ்ந்ததைப் போன்றே, ஆரவாரம் ஏதுமின்றி மறைந்தார்.

அவர் மறைந்தபின் இரு நாவல்களும் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டன. இன்று தமிழ் நாவல் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவரைக் கடந்து செல்ல இயலாது. ஒரு காலத்தில் வெளியிட ஆளின்றிக் கிடந்த கைப்படிகள், இன்று ஆய்வாளரும் மாணவரும் தேடிப் படிக்கும் நூல்களாக நிற்கின்றன.

எழுத்தாளனின் கடமை நூலை எழுதுவதோடு முடிகிறது. அதனைக் கண்டறியும் கடமை வாசகருடையது. வருசநாட்டு மலையில் பெய்த மழைநீர் கடலை எட்டாது போனாலும், வழியிலுள்ள வயல்களையும் கண்மாய்களையும் வளமாக்கிச் செல்கிறது. சிங்காரத்தின் எழுத்தும் தன் காலத்தில் எட்டவேண்டிய இடத்தை எட்டவில்லை. எனினும், வற்றிப்போகவும் இல்லை. புயலில் அகப்பட்ட அத்தோணி பிந்தியேனும் கரை சேர்ந்தது. இன்றும் எங்கோ ஒரு விடுதி அறையில், எவரும் அறியாத ஒருவர் எழுதி வைத்த கைப்படி காத்திருக்கக்கூடும். அதனை அவர் வாழும் காலத்திலேயே கண்டுகொள்ளும் கூர்மை படிப்பவரிடத்தே வளருமாயின், சிங்காரத்தின் வாழ்வைக் கற்றதன் பயன் அதுவே.

சொல்லும் பொருளும்

தொங்கான் – தென்கிழக்காசியக் கடல்களில் சரக்கேற்றிச் செல்லும் பாய்மரக் கலம்
வட்டிக்கடை – பணம் கடன் கொடுத்து வட்டி பெறும் கடை
பெட்டியடிப் பையன் – வட்டிக்கடையில் தொடக்கநிலைப் பணியாள்
அடுத்தாள் – கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையில் உள்ளவர்
மேலாள் – கடையை நடத்தும் பொறுப்புடையவர்
நீரிணை – இரு பெருநீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடற்பகுதி
சாவகம் – இன்றைய சாவா பகுதி
கடாரம் – மலேசியாவின் கெடாப் பகுதி
கைப்படி – அச்சேறாத எழுத்துப்படி
குழூஉக்குறி – ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல்